பழத்தோல், உமி, சக்கை கொண்டு நீரிலுள்ள கன உலோகத்தைப் பிரிப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரீயம், காட்மியம் போன்ற கன உலோகம் கலந்த நீரைக் கொதிக்க வைத்துப் பயனில்லை. கிருமி சாகும், காரீயம் அப்படியே இருக்கும். சொல்லப்போனால் நீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சமிருக்கும் நீரில் உலோகத்தின் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். துணியில் வடிகட்டினாலும் போகாது, குளோரின் போட்டாலும் போகாது. கரைந்துவிட்ட காரீயத்துக்கும் காட்மியத்துக்கும் நிறம் கிடையாது, வாடை கிடையாது. பளிங்கு மாதிரித் தெளிந்த நீரிலும் அவை இருக்கும். குடிநீரில் காரீயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமையும் காட்மியம் 0.003 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவ்வளவு நுண்ணிய அளவில் இருப்பதை எதைக் கொண்டு பிடிப்பது?

பழத்தோல், உமி, மரத்தூள், டீத்தூள் சக்கை, இறால் ஓடு என்று நாம் வீசி எறியும் பொருள்களுக்கு அந்தச் சக்தி இருக்கிறது. 2011இல் பிரேசிலின் சாவோ பாலோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குஸ்தாவோ காஸ்ட்ரோவும் அவர் குழுவினரும், அரைத்த வாழைப்பழத் தோலை வைத்தே ஆற்று நீரிலிருந்து காரீயத்தையும் தாமிரத்தையும் பிரித்துக் காட்டினார்கள். அதே தோலை 11 முறை வரை திரும்பப் பயன்படுத்தவும் முடிந்தது.

அதைப் போன்ற ஒரு சின்னச் சோதனையை நீங்களே செய்து பார்ப்பதற்கான வழியை இங்கே சொல்கிறேன். தொடங்கும் முன் இரண்டு விஷயங்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இப்படிச் சுத்தம் செய்த நீரைக் குடிக்கவோ சமையலுக்கு எடுக்கவோ கூடாது. முறையான கருவியில் அளந்து பார்க்காத வரை, அதில் எவ்வளவு உலோகம் மிச்சம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்று, உலோகத்தை எதைக் கொண்டும் அழிக்க முடியாது. நீரில் இருந்ததைத் தோலுக்கு இடம் மாற்றுகிறோம், அவ்வளவுதான். அந்தத் தோலை என்ன செய்வது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் சோதனையில் இறங்க வேண்டும்.

உலோகம் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

தாவரக் கழிவில் செல்லுலோஸ், லிக்னின், பெக்டின் எல்லாம் இருக்கின்றன. இவற்றின் மேற்பரப்பில் கார்பாக்சில், ஹைட்ராக்சில் என்னும் அணுத் தொகுதிகள் நிறைய உண்டு. கார்பாக்சில் தொகுதி தன் ஹைட்ரஜனை நீரில் விட்டுவிட்டால் எதிர்மின்சுமை பெறும். நீரில் கரைந்த காரீயம், தாமிரம், காட்மியம் எல்லாம் நேர்மின்சுமை கொண்ட அயனிகள். அவை அங்கே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஏற்கெனவே அந்த இடத்தில் இருந்த கால்சியமோ மக்னீசியமோ ஹைட்ரஜனோ வெளியேறி இடம் கொடுக்கிறது. பாடப்புத்தகங்கள் இதைப் பரப்புக் கவர்தல், அயனிப் பரிமாற்றம் என்று பிரித்துச் சொல்லும். குடுவைக்குள் இரண்டும் சேர்ந்தேதான் நடக்கும்.

நீரின் பிஎச், அதாவது அது எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று காட்டும் எண், ஏன் அவ்வளவு முக்கியம் என்பதும் இதிலிருந்தே புரியும். நீர் மிகவும் அமிலமாக இருந்தால் ஹைட்ரஜன் அயனிகள் கூட்டமாக வந்து எல்லா இடத்தையும் பிடித்துக்கொள்ளும், உலோகத்துக்கு இடம் கிடைக்காது. பிஎச் ஏற ஏற இடம் காலியாகும், பிடிப்பும் கூடும். ஆனால் சுமார் 6ஐத் தாண்டிப் போனால் தாமிரம் ஹைட்ராக்சைடாக மாறித் தானாகவே படியத் தொடங்கும். அது தோலின் வேலை கிடையாது. தாமிரத்துக்கும் காரீயத்துக்கும் 5ஐ ஒட்டி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

எல்லா உலோகமும் இப்படி நடந்துகொள்ளாது. புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நீரில் குரோமேட்டாக, அதாவது எதிர்மின்சுமையோடு இருக்கும். அதைத் தாவரக் கழிவு நன்றாகப் பிடிப்பது பிஎச் 2ஐ ஒட்டிய கடும் அமில நிலையில்தான். பிடிக்கும்போதே அதில் ஒரு பகுதியை மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றியும் விடும். ஆகவே ஆறு இணைதிறன் குரோமியத்தை மட்டும் அளந்தால் கணக்கு தப்பும், மொத்தக் குரோமியத்தையும் அளக்க வேண்டும். ஆர்சனிக்கும் வேறு சாதி. வெறும் பழத்தோல் அதை அவ்வளவாகத் தொடாது, அதற்கு இரும்பு வேண்டும். வங்கதேசத்தின் ஆர்சனிக் சிக்கலுக்காக வேதியியலாளர் அபுல் ஹுசாம் உருவாக்கிய சோனோ வடிகட்டியில் மணல், கரி, செங்கல் துண்டுகளோடு இரும்புத் துருவலும் இருக்கிறது. ஆர்சனிக்கைப் பிடிக்கும் வேலையைச் செய்வது அந்த இரும்பு. 2007இல் அந்த வடிகட்டிக்குப் பொறியியலுக்கான கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது.

எந்தக் கழிவை எடுப்பது?

முதல் சோதனைக்கு வாழைப்பழத் தோலோ ஆரஞ்சுத் தோலோ போதும் என்பது என் கருத்து. இரண்டிலும் பெக்டின் அதிகம், கார்பாக்சில் தொகுதிகளும் அதிகம். எந்த வேதிப்பொருளும் சேர்க்காமலே கண்ணுக்குத் தெரியும் பலன் கிடைக்கும். டீத்தூள் சக்கையும் நல்லது, ஆனால் அதன் நிறத்தை வெளியேற்றப் பொறுமை வேண்டும். உமியில் சிலிக்கா நிறைய இருப்பதால் கெட்டியாக நிற்கும், நீரில் ஊறிக் குழையாது. குழாயில் நிரப்பி நீரை ஓடவிட அது தோது. மேலே இருக்கும் மெழுகையும் சிலிக்காவையும் காஸ்டிக் சோடாவில் (சோடியம் ஹைட்ராக்சைடு) ஊறவைத்துக் கொஞ்சம் கரைத்துவிட்டால்தான் உமி ஒழுங்காக வேலை செய்யும்.

இறால், நண்டு ஓட்டில் உள்ள கைட்டினைக் கைட்டோசானாக மாற்றினால் மிகவும் வலுவான பொருள் கிடைக்கும். அதற்குச் செறிவான காஸ்டிக் கரைசலைச் சூடாக்க வேண்டியிருப்பதால் தொடக்கநிலையில் வேண்டாம். முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது நீரின் பிஎச்சை ஏற்றி உலோகத்தைப் படியவைக்கும். பயனுள்ள பொருள்தான், ஆனால் பழத்தோலோடு ஒரே தட்டில் வைத்து ஒப்பிட முடியாது.

கரியாக்கினால் எப்போதும் நல்லது என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. சாயத்துக்கும் வாடைக்கும் அது சரி. உலோகத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. வெப்பம் கூடக் கூட, உலோகத்தைப் பிடிக்கிற கார்பாக்சில் தொகுதிகளே சிதைந்து போகும். நன்றாகக் கழுவி உலர்த்திய தோல், அவசரமாக எரித்த கரியை முந்துவதும் உண்டு.

பொருளைத் தயார் செய்தல்

தோலைக் குழாய் நீரில் கழுவி, விரல் அகலத்துக்கு நறுக்கி, காய்ச்சி வடித்த நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி வெயிலில் வையுங்கள். வாழைத்தோல் முதல் நாளே கறுத்துப் பிசுபிசுக்கும், அதைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று வீச வேண்டாம். அடுத்தடுத்த நாள்களில் ஓரம் சுருண்டு, தோல் மெலிந்து, தட்டில் சலசலக்கும். ஒரு துண்டை எடுத்து வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. உலர்ப்பான் இருந்தால் 60 முதல் 80 டிகிரி செல்சியசில் ஒரு நாள் முழுக்க வைத்தால் போதும்.

உலர்ந்ததை அரைத்துச் சலியுங்கள். 0.5 மி.மீ. சல்லடையில் விழுந்து 0.25 மி.மீ. சல்லடையில் தங்குவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட மாவாகப் போனால் வடிகட்டும்போது உயிர் போகும், தாள் அடைத்துக்கொள்ளும். அரைக்கும் ஜாரையும் சல்லடையையும் சமையலுக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள்.

இனிதான் பலர் தாண்டிப் போகிற வேலை. அரைத்த தூளை வெந்நீரில் போட்டுக் கலக்கி, தெளியவிட்டு, மேல்நீரைக் கொட்டுங்கள். திரும்பத் திரும்பச் செய்யுங்கள். டீத்தூள் சக்கையாக இருந்தால் முதல் நீர் கறுஞ்சிவப்பாக வரும், அப்புறம் செம்மை, அப்புறம் வைக்கோல் நிறம். வெள்ளைத் தாளுக்கு முன்னால் குவளையைப் பிடித்துப் பார்த்து நிறமே தெரியாத வரை விடக் கூடாது. கழுவாத தூள் நீருக்குள் சர்க்கரையையும் டானினையும் கசியவிடும். உலோகத்தை எடுத்துவிட்டு வேறொரு அழுக்கைச் சேர்த்த கதையாகிவிடும், இரண்டே நாளில் நீர் நாறும். கழுவியதை மறுபடி உலர்த்திக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, மேலே தேதி எழுதி ஒட்டுங்கள்.

பிடிப்பைக் கூட்ட விரும்பினால் 0.1 மோலார் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கலாம். லிட்டருக்கு 4 கிராம் என்பது கணக்கு. ஊறியபின் கழுவும் நீர் நடுநிலைக்கு வரும்வரை அலச வேண்டும். சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்து, உலர்த்தி, 120 டிகிரியில் சூடாக்கும் முறையும் உண்டு. அமிலம் செல்லுலோசோடு பிணைந்து புதிய கார்பாக்சில் தொகுதிகளைச் சேர்க்கும். இரண்டும் இரண்டாம் சுற்றுக்கு. முதலில் வெறும் தோலில் செய்து பாருங்கள், அப்போதுதான் என்ன கூடியது என்று தெரியும்.

சோதனைக் கரைசல்

முதல்முறை செய்கிறவர்கள் தாமிரத்தோடு நின்றுகொள்ளுங்கள். காரீயம், காட்மியம், பாதரசம், குரோமியம் எல்லாம் மேற்பார்வையுள்ள ஆய்வகத்துக்கு உரியவை. தாமிரமும் விழுங்கினால் கெடுதிதான், மீன்களுக்குக் கொடிய நஞ்சு. இருந்தாலும் கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு கவனமாகச் செய்யக்கூடியது.

காப்பர் சல்பேட், அதாவது மயில்துத்தம், நீலப் படிகமாகக் கிடைக்கும். அதில் 3.93 கிராம் எடுத்துக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 1 லிட்டர் ஆக்கினால், லிட்டருக்கு 1000 மில்லிகிராம் தாமிரம் உள்ள மூலக்கரைசல் வரும். அதில் 50 மி.லி. எடுத்து மறுபடி 1 லிட்டர் ஆக்கினால் லிட்டருக்கு 50 மில்லிகிராம். குழாய் நீரில் கரைக்காதீர்கள், அதிலுள்ள கார்பனேட்டும் கால்சியமும் கணக்கைக் குழப்பும். பாட்டிலில் பொருளின் பெயர், அடர்த்தி, தேதி, ‘நஞ்சு’ என்ற சொல் நான்கும் இருக்கட்டும். நீல நீர் குழந்தைகளை இழுக்கும்.

குடுவைச் சோதனை

மூன்று குடுவைகள் வேண்டும். முதலாவதில் 100 மி.லி. தாமிரக் கரைசலும் 0.5 கிராம் தோல்தூளும். இரண்டாவதில் தாமிரக் கரைசல் மட்டும். மூன்றாவதில் காய்ச்சி வடித்த நீரும் 0.5 கிராம் தூளும். இரண்டாவது குடுவை, உலோகம் குடுவைச் சுவரிலோ வடிதாளிலோ போய் ஒட்டியதா என்று காட்டும். மூன்றாவது, தூளே எதையாவது கசியவிட்டதா என்று காட்டும். இந்த இரண்டும் இல்லாமல் செய்த சோதனையை நான் நம்ப மாட்டேன்.

மூன்றிலும் பிஎச்சை 5க்குக் கொண்டுவாருங்கள். மயில்துத்தக் கரைசல் இயல்பிலேயே இலேசான அமிலம், நீர்த்த அமிலமோ காஸ்டிக் கரைசலோ ஓரிரு சொட்டு போதும். மூடி, ஒரே வேகத்தில் இரண்டு மணி நேரம் குலுக்க வேண்டும். குலுக்கும் கருவி இல்லாவிட்டால் காந்தக் கலக்கி, அதுவும் இல்லாவிட்டால் கை. எதுவானாலும் மூன்றுக்கும் ஒன்றுபோல இருக்கட்டும். முடிந்ததும் பிஎச்சை மறுபடி பார்த்து எழுதிவிட்டு வடிகட்டுங்கள். முதலில் வரும் சில மில்லி லிட்டரை ஒதுக்கிவிடுங்கள், புதுத் தாளும் கொஞ்சம் உலோகத்தை உறிஞ்சும்.

பிஎச்சை இரண்டு முறை பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் முதலில் உமியில் செய்தபோது அதோடு சாம்பல் கலந்திருந்தது எனக்குத் தெரியாது. குலுக்கி முடித்துச் சோதனைப் பட்டையை நனைத்தால் தாமிரமே இல்லை என்று காட்டியது. அவ்வளவு சந்தோஷம். குடுவையைக் கழுவப் போகும்போதுதான் அடியில் வெளிர்நீலமாகப் பஞ்சுபோல ஏதோ படிந்திருப்பதைப் பார்த்தேன். சாம்பல் பிஎச்சை 9க்கு ஏற்றிவிட்டிருந்தது. உமி பிடித்தது எவ்வளவு, தானாகப் படிந்தது எவ்வளவு என்று பிரிக்க வழியே இல்லை. மொத்தத்தையும் திரும்பச் செய்தேன். அன்றிலிருந்து பிஎச் எழுதாமல் குடுவையைக் கழுவுவதில்லை.

அளப்பதற்குச் சிறந்தது அணு உட்கவர் நிறமாலைமானி, அதாவது உலோக அணுக்கள் உறிஞ்சும் ஒளியைக் கொண்டு அளவைச் சொல்லும் கருவி. பல கல்லூரிகளிலும் நீர்ப் பரிசோதனைக் கூடங்களிலும் இருக்கும், வடித்த மாதிரியைக் கொடுத்து அளந்து வாங்கலாம். அது கிடைக்கும்வரை தாமிரச் சோதனைப் பட்டை உதவும். இன்னொரு எளிய வழி, காற்றோட்டமான இடத்தில் மாதிரியோடு அம்மோனியா கரைசலைச் சேர்ப்பது. தாமிரம் இருந்தால் நீலம் அடர்ந்துவிடும். உயரமான ஒரே அளவுக் குழாய்களில் ஊற்றி, வெள்ளைத் தாள்மேல் நிறுத்தி, மேலிருந்து பார்த்து ஒப்பிடுங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாத நிற வேறுபாடு மேலிருந்து தெரியும். அடர்த்தி தெரிந்த நாலைந்து கரைசல்களையும் வரிசையாக வைத்துக்கொண்டால் தோராயமான எண் கிடைக்கும்.

கணக்கு

தொடக்கத்தில் லிட்டருக்கு 50 மில்லிகிராம், முடிவில் 12 என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 38. நம்மிடம் இருந்தது 0.1 லிட்டர்தான், ஆகவே தூள் பிடித்தது 3.8 மில்லிகிராம். அதை 0.5 கிராமால் வகுத்தால் கிராமுக்கு 7.6 மில்லிகிராம். விழுக்காட்டில் சொன்னால் 76.

சரி, தூளை 1 கிராமாக்கினால்? முடிவில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் மிஞ்சுகிறது என்று கொள்ளுங்கள். 90 விழுக்காடு நீங்கிவிட்டது. ஆனால் கிராமுக்குப் பிடித்தது 4.5 ஆகக் குறைந்துவிட்டது. தூளைக் கூட்டினால் விழுக்காடு ஏறும், ஒவ்வொரு கிராமின் உழைப்பும் இறங்கும். இரண்டு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள்.

90 விழுக்காடு என்றதும் மனம் நிறைந்துவிடும். இதே நீரில் தாமிரத்துக்குப் பதில் காரீயம் இருந்திருந்தால், மிஞ்சிய 5 மில்லிகிராம் குடிநீர் வரம்பைப் போல 500 மடங்கு. எத்தனை விழுக்காடு போனது என்பதைவிட எத்தனை மிச்சம் என்பதையே முதலில் கேளுங்கள்.

ஒருமுறை சரியாக வந்ததும், ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பிஎச்சை 2, 3, 4, 5, 6 என்று. நேரத்தை 5, 10, 20, 30, 60, 120 நிமிடம் என்று. முதல் அரை மணியில் வேகமாகப் பிடித்து அப்புறம் மந்தமாவதை அநேகமாகக் காண்பீர்கள். மேற்பரப்பில் எளிதாக எட்டும் இடங்கள் முதலில் நிரம்பிவிடுவதே காரணம். கடைசியாகத் தொடக்க அடர்த்தியை மாற்றினால், ஒரு கட்டத்துக்கு மேல் தூள் பிடிக்கும் அளவு ஏறாமல் நிற்கும். அதுதான் அதன் கொள்ளளவு. அமெரிக்க வேதியியலாளர் லாங்மியூர் 1918இல் வெளியிட்ட சமன்பாட்டைக் கொண்டு அதைக் கணக்கிடலாம். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள்.

குழாயில் நிரப்பி ஓடவிடுதல்

குடுவையில் வென்றது குழாயிலும் வெல்லும் என்று உறுதியில்லை. குழாய்க்கு 1 முதல் 2 மி.மீ. வரையான பெரிய துகள் வேண்டும், மாவு அடைத்துக்கொள்ளும். அடியில் பஞ்சு, மேலே கழுவிய மணல், அதன்மேல் ஊறவைத்த தூள், மறுபடி மணல். உலர்ந்த தூளைக் கொட்டி நீர் ஊற்றினால் உள்ளே காற்றுக் குமிழிகள் தங்கும், தூளும் ஊதிக் குழாயை இறுக்கும். முதல் நாளே ஊறவைத்துக் குழம்பாக ஊற்றுவது நல்லது. நீர் சுவரோரமாகவே வழிந்து ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் நடுவிலுள்ள தூளுக்கு வேலையே இருக்காது. அடியிலிருந்து மேலாக மெதுவாக ஏற்றினால் இந்தத் தொல்லை குறையும். வெளிவரும் நீரைக் குறித்த இடைவெளியில் சோதியுங்கள். உலோகம் எட்டிப் பார்க்கத் தொடங்கிய உடனே நிறுத்திவிட வேண்டும், முழுக்க நிரம்பட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆறு, கிணறு போன்ற உண்மையான நீரில் பலன் குறைந்தே வரும். கடின நீரில் கால்சியமும் மக்னீசியமும் உலோகத்தைப் போலப் பல மடங்கு இருக்கும், அவையும் அதே இடத்துக்குப் போட்டியிடும். ஆய்வகத்து எண்ணை வைத்து ஓர் ஊருக்கு நீர் கொடுக்கக் கணக்குப் போடாதீர்கள்.

உலோகம் ஏறிய தோல்

மேலே சொன்ன 1 கிராம் தூள் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ நீரில் 50 மில்லிகிராம் தாமிரம் இருந்தது. இப்போது ஒரு கிலோ தோலில் 4500 மில்லிகிராம். பார்க்க வெறும் பழுப்புத்தூள், உள்ளே இருப்பது 90 மடங்கு அடர்ந்த உலோகம். இதை உரக்குழியில் போட்டால் தோல் மக்கும், உலோகம் மண்ணில் தங்கிச் செடிக்கு ஏறும். எரித்தால் சாம்பலில் இன்னும் அடரும். காட்மியம், காரீயம் போன்றவை புகையோடும் போகும். இரண்டையும் செய்யாதீர்கள்.

0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் உலோகத்தின் பெரும்பகுதி கழன்று வரும். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கழன்ற தோலை நன்கு அலசித் திரும்பப் பயன்படுத்தலாம், ஒவ்வொரு சுற்றுக்கும் பிடிப்பு எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொண்டே போங்கள். அலசிய நீரும் கழிவுதான். அமிலத்தில் சேர்ந்த தாமிரத்தைச் சுண்ணாம்புக் கரைசல் சேர்த்துப் பிஎச் 9க்குக் கொண்டுவந்தால் நீல வண்டலாகப் படியும். தெளிந்த மேல்நீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, வண்டலையும் இனி உதவாத தோலையும் மூடியுள்ள பிளாஸ்டிக் கலனில் போட்டு, உள்ளே என்ன, எவ்வளவு, என்றைக்கு என்று வெளியே எழுதுங்கள். அந்தக் கலனை அபாயக் கழிவாக எடுத்துக்கொள்ளும் ஆய்வகத்தையோ கழிவு மையத்தையோ, மயில்துத்தம் வாங்குவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.